உனக்குப் பிறகு நான் குடிக்காத கிண்ணம்

ஒரு நாளாவது சட்டைப் பொத்தானைச் சரியாப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்கு வராத என் தம்பி செல்வத்துக்கு,

நீ போய் மூணு மாசம் ஆகிப்போச்சு. உன் கல்லறை மண்ணு இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கு, இப்ப சிமெண்டு போட வேண்டாம்னு கொத்தனார் சொல்லிட்டாரு. போன வாரம் சமயநல்லூர்ல ரெண்டு நாள் நல்ல மழை. பஸ் ஸ்டாப் பக்கத்துல நீ உக்காந்து டீ குடிப்பியே, அந்தக் கடையை ரோட்டை அகலமாக்குறோம்னு இடிச்சுட்டாங்க.

இதைச் சொல்றதுக்காக நான் பேனாவை எடுக்கல. எனக்கு என்னைப் பார்த்தா குமட்டுதுடா. முப்பத்தஞ்சு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவ நான். சீழ் பிடிச்ச காலைக் கழுவிக் கட்டிட்டு, கையைக் கழுவிட்டு, அடுத்த நிமிஷம் தயிர்சோறு தின்னுருக்கேன். ஒரு நாளும் குமட்டுனதில்ல. இப்ப காலையில பல்லு விளக்கும்போது கண்ணாடியில என் வாயைப் பார்த்தாக் குமட்டுது.

இந்தக் கடுதாசியை நம்ம சபைப் பத்திரிகைக்குக் குடுக்கப்போறேன். போட்டாப் போடட்டும். படிக்கிறவங்க ஒரே ஒரு உபகாரம் பண்ணணும். யாரும் போன் பண்ணி என்னைப் பாராட்டக் கூடாது. அது ஏன்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனாலும் படிக்கிறவங்களுக்காக முதல்ல இருந்து சொல்றேன். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்ல திருவிருந்து, அப்பமும் ரசமும் குடுக்குற ஆராதனை. அதுக்குத் திராட்சரசம் காய்ச்சுறது இருபத்திரண்டு வருஷமா நான்தான். சனிக்கிழமை பன்னீர் திராட்சை வாங்கி, நானே அலசி, சீனி போட்டுக் காய்ச்சி, வெள்ளைத் துணியில வடிகட்டுவேன். வேற யாரையும் தொட விடமாட்டேன். அப்புறம் எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாய் வச்சுக் குடிக்கிற அந்தப் பெரிய வெள்ளிக் கிண்ணம். பல்பொடி போட்டுத் தேய்ச்சா அதுல என் மூஞ்சி தெரியணும். தெரியலன்னா மறுபடி தேய்ப்பேன். ஆராதனையில ஆயர் அதை எடுத்துத் தூக்கும்போது மத்தவங்க கண்ணை மூடி ஜெபிப்பாங்க. நான் மட்டும் கண்ணைத் திறந்து கிண்ணம் பளபளன்னு இருக்கான்னு பார்ப்பேன். எனக்குப் பக்தின்னா அம்புட்டுதான் தெரிஞ்சிருக்கு.

நீ என் வாழ்க்கையில ஒரு கறை மாதிரிதான் இருந்த. மறைச்சு என்ன செய்ய. வில்லாபுரத்துல கிரில் பட்டறை வச்சு, வந்ததையெல்லாம் குடிச்சே தீர்த்த. பாண்டிச்செல்வியைக் கட்டுன. நம்ம சபையும் இல்ல, நம்ம சாதியும் இல்ல, மெஸ்ஸுல பாத்திரம் கழுவுறவன்னு நான் உன் வீட்டு வாசலை மிதிக்கவே இல்ல. ஒன்பது வருஷம். ஆனா நீ மானங்கெட்டு என் வீட்டுக்கு வருவ. உனக்குன்னு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அடியில சிவப்பு நெயில்பாலிஷால ஒரு பொட்டு வச்சிருந்தேன், மத்ததோட கலந்துரக் கூடாதுன்னு. நீ கண்டுபிடிச்சுட்ட. கோவப்படாம, வந்ததும் வராததுமா, என் பொட்டு வச்ச டம்ளர் எங்கக்கான்னு சிரிச்சுக்கிட்டே கேப்ப. அந்தச் சிரிப்பைப் பார்த்து, இவனுக்குச் சூடு சொரணையே கிடையாதுன்னு நினைச்சேன். நம்ம வீட்டுல சூடு சொரணை இல்லாம இருந்தது யாருடா?

அப்புறம் உனக்கு ஈரல் போச்சு. ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கிடந்த. உன் ரிப்போர்ட்டையெல்லாம் நான்தான் வாங்கிப் படிச்சேன். குடியால வந்த கேடு, வேற ஒண்ணுமில்ல, அடுத்தவங்களுக்குத் தொத்துற நோய் எதுவும் உன் ரத்தத்துல இல்லன்னு தெளிவா எழுதியிருந்தது. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கிறணும், படிக்கிறவங்களும்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் ஆரம்பிச்ச முதல் வாரம் நீ கோயிலுக்கு வந்த. வில்லாபுரத்துலருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கருந்து சமயநல்லூருக்கு ஒரு பஸ். வந்து, செருப்பு விடுற இடத்தை ஒட்டின கடைசி பெஞ்சுல உக்காந்த. இடுப்புல பெல்ட்டு நிக்கல, கயித்தால கட்டியிருந்த. நான் முன்னாடி இருந்து திரும்பிப் பார்த்து, ஐயோ எல்லாரும் பார்க்குறாங்களேன்னு கூசிப்போனேன். தம்பி வந்துட்டானேன்னு சந்தோஷம் வந்துச்சான்னு கேளு. வரல.

மூணு வாரம் ஒழுங்கா வந்த. நாலாவது வாரம் இடையில ஒரு நாள் குடிச்சுட்டன்னு பட்டறைக்காரங்க மூலமா எனக்குத் தெரிஞ்சது. அப்பவும் ஞாயித்துக்கிழமை வந்துட்ட. எனக்கு வந்த கோவத்துல, ஆராதனை முடிஞ்சதும் பஸ் ஸ்டாப்புக்கே உன் பின்னால வந்து, ஒழுங்கா நிறுத்திட்டு அப்புறம் கோயிலுக்கு வாடான்னு திட்டுனேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் சொன்ன.

"நிறுத்திட்டு வரணும்னா நான் என்னைக்குக்கா வர்றது? நிறுத்த முடியலன்னுதானே வாரேன்."

நான் அதைக் குடிகாரன் பேச்சுன்னு எடுத்துக்கிட்டேன். இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு மாசமும், நாங்க தகுதியில்லாதவங்கன்னு முழங்கால் போட்டு மனப்பாடமா ஜெபம் சொல்லியிருக்கேன். அந்த ஜெபத்தை நிஜமாவே அர்த்தத்தோட சொன்ன ஒருத்தன் எதிர்ல நிக்கிறான், நான் அவனுக்குப் பஸ்ஸைக் காட்டி விட்டேன்.

ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த மாசம், முதல் ஞாயிறு. ஆயர் உன்கிட்ட ஏற்கெனவே பேசியிருந்திருக்காரு, எனக்குத் தெரியாது. பீடத்துக்கு முன்னாடி எல்லாரும் வரிசையா முழங்கால் போட்டிருந்தோம். என் இடது பக்கத்துல யாரோ வந்து மூச்சு வாங்கிக்கிட்டு முட்டி போட்டாங்க. பார்த்தா நீ. அப்பம் வாங்குன உன் கையிலருந்து ஒரு துணுக்கு கீழே விழுந்துச்சு, நீ அதைப் பொறுக்கி வாயில போட்டுக்கிட்ட. எனக்கு ச்சீன்னு ஆயிருச்சு.

கிண்ணம் இடது பக்கத்துலருந்து வந்துச்சு. நீ ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்ச. ஒரு வாய் குடிக்கணும், நீ தாகத்துல வந்தவன் மாதிரி குடிச்ச. உன் உதடு வெடிச்சிருந்துச்சு, ஓரத்துல மருந்து பூசின வெள்ளை. ஆயர் துணியால துடைச்சு, கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பி, என் வாய்க்குக் கொண்டுவந்தாரு. நான் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டேன். கிண்ணம் சரிஞ்சுச்சு, ரசம் என் உதட்டுல பட்டுச்சு, நான் எச்சிலை முழுங்கித் தொண்டையை அசைச்சுக் காட்டினேன். ஆயருக்குத் தெரியல. எழுந்திரிச்சதும் முந்தானையால வாயைத் துடைச்சேன். வீட்டுக்குப் போய் உப்புத்தண்ணி போட்டு மூணு தடவை கொப்பளிச்சேன்.

நான் காய்ச்சுன ரசம். நான் தேய்ச்ச கிண்ணம். கர்த்தர் எனக்காகச் சிந்தின ரத்தம்னு நான் நம்புறதாச் சொல்லிக்கிட்ட ஒண்ணு. அதை முந்தானையில துடைச்சவடா நான்.

அதோட விட்டேனா? அந்த மாசக் கமிட்டியில நான் எழுந்திரிச்சு, இனிமே ஆளுக்கொரு சின்னக் கப்பு குடுக்கணும்னு சொன்னேன். கொரோனா சமயத்துல கொஞ்ச நாள் திருவிருந்தையே நிறுத்தி வச்சிருந்தோம், அப்புறம் பழையபடி பெரிய கிண்ணத்துக்கே வந்துட்டோம், இப்ப என்ன புதுசான்னு ஒருத்தர் கேட்டாரு. யார் யாருக்கு என்னென்ன நோய் இருக்கோ, நான் நர்ஸு, நான் சிலதைப் பார்த்திருக்கேன், வெளிய சொல்ல முடியாதுன்னு சொன்னேன். பேர் சொல்லல. சொல்லத் தேவையே இல்ல. நீ ஆஸ்பத்திரியில கிடந்தது எல்லாருக்கும் தெரியும், நான் உன் அக்கான்னும் தெரியும். அஞ்சு நிமிஷத்துல தீர்மானம் போட்டுட்டாங்க. சபையோட ஆரோக்கியத்துல எனக்கு எம்புட்டு அக்கறைன்னு பொருளாளர் பாராட்டினாரு. பொய் சொல்லி முடிச்சு உக்காந்து, குடுத்த வடையைத் தின்னேன்.

அடுத்த மாசம் தட்டுல பிளாஸ்டிக் கப்பு வந்துச்சு, மருந்து அளக்குற மூடி மாதிரி. நீ அதைக் கையில வச்சுக்கிட்டு சுத்திப் பார்த்த. கடைசி பெஞ்சுல உன் பக்கத்துல யாரும் உக்காரல, குழந்தையை வச்சிருந்த ஒரு அம்மா எழுந்திரிச்சு முன்னாடி போனதை நான் பார்த்தேன். வெளிய வந்து கிண்ணம் எங்கக்கான்னு கேட்ட. உடம்புக்கு நல்லதுடா, எல்லாருக்கும்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் வந்த. அப்புறம் உன்னால பஸ் ஏற முடியல. நான் பார்க்க வரல. நீ போயிட்ட.

உன் அடக்கத்துல என்ன நடந்துச்சு தெரியுமா? இப்பேர்ப்பட்ட தம்பியையும் கடைசி வரைக்கும் சுமந்தீங்களேன்னு என் கையைப் பிடிச்சு நாலு பேர் ஆறுதல் சொன்னாங்க. நான் தலையை ஆட்டி வாங்கிக்கிட்டேன். உன்னை நிஜமாச் சுமந்த பாண்டிச்செல்வி கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளிய, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தா. உள்ள வான்னு யாரும் கூப்பிடல, நானும்தான்.

அன்னையிலருந்து என்னால முடியல. திருவிருந்துத் தட்டு வரும்போது எந்திரிச்சு வெளிய போயிருவேன். முடிஞ்சதும் காலிக் கப்புகளைக் கூட்டி அள்ளுவேன். சிவப்பா பிசுபிசுன்னு ஒட்டும், எறும்பு மொய்க்கும், ஈ உக்காரும். நான் கேட்டு வாங்குன சுத்தம் அது. குப்பைப் பையில கட்டும்போதெல்லாம் உன் வெடிச்ச உதடு ஞாபகம் வரும்.

இப்ப அந்தப் பாராட்டு விசயத்துக்கு வாரேன். போன ஞாயித்துக்கிழமை பெண்கள் சங்கத்துல எனக்கு மரியாதை பண்ணினாங்க, இத்தனை வருஷ ஊழியத்துக்காக. பொன்னாடை, மாலை, ஒரு சுவர்க்கடிகாரம். சாட்சி சொல்லச் சொல்லி மைக்கைக் குடுத்தாங்க. இதுதான் சமயம்னு நான் முடிவு பண்ணி வச்சிருந்தேன். எல்லாத்தையும் சொன்னேன். என் தம்பிக்குத் தொத்து நோய் கிடையாது, ரிப்போர்ட்டை நானே படிச்சேன், அவன் வாய் வச்ச கிண்ணத்துல வாய் வைக்க அருவருப்பா இருந்துச்சு, அதுக்காகப் பொய் சொன்னேன்னு பச்சையா சொன்னேன். சரி, காறித் துப்பப்போறாங்கன்னு நினைச்சேன்.

கை தட்டுனாங்கடா செல்வம்.

ஒருத்தி கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஸ்தோத்திரம் சொன்னா. சங்கத் தலைவி மைக்கை வாங்கி, இந்த வயசுல எம்புட்டுத் தாழ்மை, சின்னக் குறையைக்கூட மறைக்காத மனசு, நம்ம பிள்ளைங்களுக்கு இதுதான் மாதிரின்னு பேசினாங்க. உன்னைச் சபையை விட்டே தள்ளி வச்சேன், அது சின்னக் குறையாம். என் பாவத்தையே எடுத்து எனக்குப் பொன்னாடையாப் போர்த்தி விட்டுட்டாங்க.

அவங்களைச் சொல்லி என்ன செய்ய. கேவலம் என்னன்னா, அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. சூடான பால் குடிச்ச மாதிரி நெஞ்சுல இறங்குச்சு. வீட்டுக்கு நடந்து வரும்போது, எந்த இடத்துல நிறுத்திப் பேசினப்ப ஜனம் அழுதுச்சுன்னு மனசுக்குள்ள திரும்ப ஓட்டிப் பார்த்துக்கிட்டே வந்தேன். பீரோவுல பொன்னாடையை மடிச்சு வைக்கும்போதுதான் உறைச்சுது. பாத்ரூமுக்கு ஓடினேன், எல்லாம் வெளிய வந்துருச்சு.

மறுநாள் மதியம் பஸ் ஏறி வில்லாபுரம் போனேன். உன் வீட்டுக்கு, முதல் தடவையா. வழி தெரியாம ரெண்டு இடத்துல கேட்டுப் போனேன். பாண்டிச்செல்வி அப்பதான் மெஸ்ஸுலருந்து வந்திருந்தா. கை ரெண்டும் சோப்புத்தண்ணியில ஊறி வெளுத்துப் புண்ணாயிருந்துச்சு. இத்தனை வருஷம் நான் கழுவுனது ஒரு கிண்ணம், அதுக்கு எனக்கு விழா. வாங்க சிஸ்டரம்மான்னா. மதினின்னு கூப்பிட நான் விட்டதில்லையே, அதனால ஆஸ்பத்திரிக்காரங்க மாதிரி அப்படித்தான் கூப்பிடுவா.

குடிக்கத் தண்ணி கேட்டேன். அவ மேல பரண்ல கையை விட்டு ஒரு புது டம்ளரை எடுத்தா. கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கல. இது அவுக வாங்கி வச்சது, எங்கக்கா வந்தா இதுல குடு, நாம புழங்குனதுல குடுத்துராத, அதுக்கு ஒப்பாதுன்னு சொல்லி வச்சிருந்தாகன்னு சொல்லிக்கிட்டே கழுவப் போனா.

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். நான் உனக்குப் பொட்டு வச்ச டம்ளர் வச்சிருந்தேன், நீ தள்ளி வைக்கப்பட்டவன்னு தெரியணும்னு. நீயும் எனக்கு ஒண்ணு தனியா வச்சிருந்தியாடா, நான் கூசாம குடிக்கணும்னு. ஒன்பது வருஷம் அது பரண்ல காத்துக்கிட்டே கிடந்துருக்கு.

எல்லாத்தையும் அவகிட்ட சொன்னேன். கிண்ணத்துல வாயை மூடிக்கிட்டது, கமிட்டியில பொய் சொன்னது, உன்னைப் பார்க்க வராதது. அவ அழல, கையும் தட்டல. தெரியும்னா.

"நீங்க குடிக்கலன்னு அவுக பக்கத்துலருந்து பார்த்துட்டாக. வந்து சொன்னாக. எங்க அக்கா பாவம் புள்ள, அதுக்கு எதுவுமே தேவைப்படலன்னு. சொல்லிட்டு உங்களுக்காக ஜெபம் பண்ணுவாக, தெனமும்."

மன்னிச்சிருன்னு கேட்டேன். எனக்கு இன்னும் கோவம் ஆறல சிஸ்டரம்மா, ஆறுனா சொல்றேன்னா. அவ சொன்னதுதான்டா எனக்கு வேண்டியிருந்துச்சு. மூணு மாசத்துல என் பாவத்தைப் பாவம்னு எடுத்துக்கிட்ட ஒரே ஆளு அவதான். புது டம்ளர் வேண்டாம், அவன் குடிச்சதுல குடுன்னேன். ஒரு பக்கம் நசுங்குன டம்ளர். வீட்டுல நான் எப்பவும் அண்ணாந்துதான் குடிப்பேன், உனக்குத் தெரியும். அன்னைக்கு வாய் வச்சுக் குடிச்சேன். அவ பார்த்துக்கிட்டே இருந்தா.

ஒண்ணு மட்டும் இப்ப புரியுது. இப்படி என்னையே காறித் துப்பிக்கிறதாலயும் நான் கரையேற முடியாது. திட்டிக்கிறதுலயும் நான்தான் முதல் மார்க் வாங்கப் பார்க்குறேன், இந்தக் கடுதாசியிலயே எத்தனை இடத்துல அப்படிப் பண்ணியிருக்கேனோ. என்னைச் சுத்தம் பண்ண என்கிட்ட பல்பொடி எதுவும் இல்ல. நீ என்ன வச்சிருந்த? போன ஈரல், கயித்துல கட்டுன பேண்ட்டு, இடையில ஒரு நாள் குடிச்ச பாவம். அதோட வந்து முட்டி போட்டு, குடுத்ததை வாங்கிக் குடிச்ச. அவர் குடுப்பாருன்னு நம்புன, அம்புட்டுதான். உன்னை அவர் தள்ளலைன்னு எனக்கு இப்ப சந்தேகமே இல்ல. என்னை?

நேத்து ஆயரைப் பார்த்து கோயில் அலமாரிச் சாவியைக் குடுத்துட்டேன். இனி ரசம் காய்ச்ச வேற யாரையாவது பாருங்கன்னேன். வர்ற ஞாயிறு ஒரு தடவை மட்டும் அந்தப் பெரிய கிண்ணத்தை எடுக்க முடியுமான்னு கேட்டேன். சின்ன வயசுக்காரர், நல்லவர். முகம் வாடிப்போய், அது கமிட்டித் தீர்மானம்மா, நீங்கதானே கொண்டுவந்தீங்கன்னு சொன்னாரு. ஆமா, நான்தான். நீ வாய் வச்ச கிண்ணம் இனி எனக்குக் கிடைக்காது. அது அலமாரிக்குள்ள பளபளன்னு இருக்கு.

பரவாயில்ல. அந்தப் பிளாஸ்டிக் கப்புலயே வாங்கிக்கிறேன். பாண்டிச்செல்வியையும் கூப்பிட்டிருக்கேன், லீவு கிடைச்சா வர்றதாச் சொல்லியிருக்கா, மதினின்னு மட்டும் இன்னும் கூப்பிடல. கடைசி பெஞ்சுல, செருப்புக்குப் பக்கத்துல, உன் இடத்துல உக்காருவேன். பெருமை இன்னும் என்னை விட்டுப் போகல, போகும்போலவும் தெரியல. அது போன பிறகு வரலாம்னா நான் என்னைக்கு வர்றது? இருபத்திரண்டு வருஷமா அந்தக் கோயிலுக்குக் கிண்ணம் கழுவ வந்தேன் செல்வம். இந்த ஞாயித்துக்கிழமை குடிக்க வாரேன்டா.

இன்னும் நிறுத்த முடியாத,
உன் அக்கா ஞானம்